மேல்வீட்டுக் கூரையும் எங்கள் அக்காவும்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் சிலருக்கு அவர் பெரியம்மா, சிலருக்கு அத்தை. கிராமங்களிலிருந்து வந்திருப்பவர்களுக்கு நர்ஸம்மா. காரைக்குடியில் எங்கள் தெருவில் உள்ளவர்களுக்கு மாடிவீட்டம்மா. உடன்பிறந்தவர்கள் நாங்கள் இருவர்தான். அவருக்கு ஒன்பது வயது இளையவன் நான். அக்காவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அக்கா மகள் வசந்தி கேட்டபோது உடனே சரி என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், என்னைப் பற்றியும் ஒன்றைச் சொல்லாமல் இதை எழுத முடியாது என்று தெரிந்தது.

எங்கள் ஊர் கண்டனூரை அடுத்த ஒரு சிறு கிராமம். கண்மாயில் தண்ணீர் நின்ற ஆண்டுகளில் நெல் விளையும். நிற்காத ஆண்டுகளில் அப்பா கண்டனூர்ப் பெரிய வீடுகளுக்கு வெள்ளையடிக்கப் போவார். அக்கா பள்ளிப் படிப்பை முடித்ததும், எங்கள் உறவில் எந்தப் பெண்ணும் செய்யாத ஒன்றைச் செய்தார். தானே விண்ணப்பம் எழுதி, தானே பேருந்து ஏறிப் போய்க் கொடுத்து, செவிலியர் பயிற்சியில் சேர்ந்தார். கிராம சுகாதாரச் செவிலியராக வேலை கிடைத்தது. திருமணமும் நடந்தது. அத்தான் மஞ்சள் காமாலையில் இறந்தபோது வசந்திக்கு நான்கு வயது. அக்காவுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

அதன் பிறகு இருபத்திரண்டு ஆண்டுகள் அக்கா வாடகை வீடுகளில் இருந்தார். வேலை மாற்றலாகும்போதெல்லாம் வீடு தேட வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான். “வீட்டுக்காரரு எங்க வேலை பாக்குறாக?” பதில் சொன்னதும் பல கதவுகள் மெல்லச் சாத்திக்கொள்ளும். கிடைத்த வீடுகளிலும் ஆணி அடிக்கக் கூடாது, இரவு எட்டு மணிக்கு மேல் மோட்டார் போடக் கூடாது, உறவுக்காரர்கள் தங்கக் கூடாது. ஒரு வீட்டில் அக்கா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டுக்காரர் மாற்றுச்சாவி போட்டுத் திறந்து உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அன்று இரவு அக்கா சாப்பிடவில்லை என்று வசந்தி சொல்வாள்.

வேலையில் இருந்தபோதே கடன் வாங்கிக் காரைக்குடியில் மூன்று சென்ட் இடம் வாங்கினார். கீழே தனக்கு ஒரு வீடு, மாடியில் வாடகைக்கு விட இரண்டு சிறு வீடுகள். ஓய்வூதியம் மருந்துக்கும் சோற்றுக்கும் ஆகும், மேலே வருகிற வாடகையில் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அக்காவின் எண்ணம்.

மாடிக்குக் கூரை போட்ட நாளில் அக்காவுக்குத் தடுப்பூசி முகாம். விடுப்பு எடுக்க முடியாது. சென்னையில் ஒரு கம்பெனியில் கிடங்குப் பொறுப்பில் இருந்த நான் இரண்டு நாள் விடுப்பில் வந்து வேலையைப் பார்த்துக்கொள்ள நின்றேன். கூரைக்குக் கம்பி கட்டும்போது, கம்பி அடிப்பலகையில் ஒட்டிவிடாமல் இருக்கச் சிறு சிமெண்டு வில்லைகளை அடியில் வைப்பார்கள். அப்படி வைத்தால்தான் கம்பிக்குக் கீழேயும் கான்கிரீட் இறங்கி மூடும், ஈரம் பட்டுக் கம்பி துருப்பிடிக்காது. அந்த வில்லை மூட்டை காலையில் வந்து சேரவில்லை.

மேஸ்திரி என்னிடம் வந்தார். “தம்பி, வில்லை வர மதியம் ஆகும்போல. மிக்சரு வந்து நிக்குது, இருபது ஆளு நிக்கிறாக. ஜல்லியை அடியில குடுத்துச் சமாளிச்சுருவோமா? என்ன சொல்றீக?”

“ராத்திரி எனக்கு ரயிலு மேஸ்திரி. போட்டுருங்க” என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். பிறகு அதை மறந்தும் போனேன்.

வீடு முடிந்து அக்கா வீட்டுக்காரம்மா ஆனார். மாடி வீடுகளை வாடகைக்கு விடும் முன் ஒவ்வொன்றிலும் ஒரு முழு நாள் பாயை விரித்துத் தானே இருந்து பார்த்தார். மதியம் எந்தச் சுவர் காய்கிறது, குழாயில் தண்ணீர் எவ்வளவு மெல்ல வருகிறது, பக்கத்து வீட்டுப் புகை எந்த ஜன்னல் வழியாக வருகிறது என்றெல்லாம் குறித்துக்கொண்டு, வீடு பார்க்க வருகிறவர்களிடம் அவரே சொல்லிவிடுவார். “மேக்குச் செவுரு சித்திரையில கொதிக்கும். ஒத்துக்கிட்டா வாங்க.” இரண்டு வீட்டுக்கும் தனித்தனி மின்மீட்டர் வைத்தார். பதினோரு மாத ஒப்பந்தம் போட்டால் அதில் ஒரு பிரதி குடியிருப்பவர் கையில் இருக்க வேண்டும். முன்பணத்தை வங்கியில் போட்டுவிட்டுத் தொடவே மாட்டார். வாடகை ஏற்றுவதாக இருந்தால் தை மாதம்தான். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டுக்குள் போக வேண்டும் என்றால் முதல் நாளே கேட்டுக்கொண்டு, மறுநாள் வாசலில் நின்று, “வரலாமா?” என்று மீண்டும் கேட்பார்.

உறவுக்காரர்களுக்கு வீடு கொடுப்பதில்லை என்பதிலும் உறுதியாக இருந்தார். என் மைத்துனன் கேட்டபோது, “வீடு குடுத்தா உறவு போயிரும் தம்பி, உறவு வேணும்னா வீடு வேணாம்” என்று சொல்லிவிட்டார். என் மனைவி ஓராண்டு அக்காவுடன் பேசவில்லை.

மாடியில் மேற்கு வீட்டுக்குச் சேகர் வந்தார். கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறவர். மனைவி, தாயாருடன் இருந்தார். கிழக்கு வீட்டுக்குப் புவனா டீச்சர் வந்தார். தனியார் பள்ளியில் ஆசிரியை. கணவரைப் பிரிந்து, மகளோடு வீடு தேடிக்கொண்டிருந்தார். அக்கா அவரிடம் கேட்டது இரண்டே கேள்வி. எத்தனை பேர் இருக்கப் போகிறீர்கள்? எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புவீர்கள்? மூன்றாவது கேள்விக்காகக் காத்திருந்ததாகவும், அது வராததால் அழுகை வந்துவிட்டதாகவும் புவனா டீச்சர் பின்னாளில் எங்களிடம் சொன்னார்.

ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன்பு அக்கா மொட்டைமாடிக்கு ஏறி, வெடிப்பு இருந்தால் பூசச் சொல்வார். வயது கூடக் கூட அவர் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறார் என்று எனக்குப் புரிந்ததில்லை. ஓர் ஆண்டு முழங்கால் வலி அதிகமாகி மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று. அந்த ஐப்பசியில்தான் புவனா டீச்சர் வீட்டு அறைக் கூரையில் பழுப்பாக ஒரு கறை தெரிந்தது. அவர் உடனே சொன்னார். அக்கா அதைப் படமெடுக்கச் சொல்லி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, போனில் கேட்டார். “தம்பி, இது என்னன்னு உனக்குத் தெரியுதா?”

கறை நீளநீளமாக, கம்பி போகிற தடத்திலேயே இருந்தது. பார்த்த அந்த நொடியில் எனக்கு மேஸ்திரியின் முகம் நினைவுக்கு வந்தது. ஆனால் நான் சொன்னது வேறு. “ஒண்ணுமில்லக்கா, மழை ஈரம். பட்டி வச்சு பெயிண்டு அடிச்சாப் போதும். மே மாசம் டீச்சர் பிள்ளைக்குப் பரீட்சை முடிஞ்சதும் பாத்துக்கிருவோம்.”

அக்காவும் வேலையை மே மாதத்துக்குத் தள்ளிப்போட்டார்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூரையிலிருந்து இரண்டு கை அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. விழுந்த இடத்தில் டீச்சரின் மகள் படிக்கிற நாற்காலி இருந்தது. அவள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் முன்பு வரை அதில் உட்கார்ந்திருந்தவள், குடிதண்ணீர் பிடிக்கக் குடத்தை எடுத்துக்கொண்டு கீழே வந்திருந்தாள். நாற்காலியின் முதுகு முறிந்துபோயிற்று.

செய்தி கேட்டு மறுநாளே நான் காரைக்குடி வந்தேன். அக்கா ஏற்பாடு செய்த பொறியாளர் சுத்தியலால் கூரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பல இடங்களில் பொத்தென்று சத்தம் கேட்டது. துருவேறி உப்பியிருந்த கம்பியைக் காட்டிக் கேட்டார்.

“அடியில கவர் வில்லையே வைக்கலையேம்மா. கூரை போட்ட அன்னிக்கு யாரு நின்னு பாத்தது?”

நான் வாயைத் திறக்கும் முன்பே அக்கா சொன்னார். “நாந்தான் சார். எனக்கு அப்ப விவரம் பத்தாது.”

பொறியாளர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். இரண்டு வீட்டுக் கூரையிலும் இளகியதை எல்லாம் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, கூடுதல் கம்பி கட்டி மீண்டும் பூச வேண்டும், இரண்டு மாதம் ஆகும், அதுவரை மாடியில் ஆள் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அக்காவிடம் கேட்டேன். “எதுக்குக்கா நீங்க நின்னதாச் சொன்னீக?”

“வேற என்னத்தச் சொல்ல? அந்தப் பிள்ளை பக்கத்துல நிக்கிது. அதுக்கு முன்னாடி உன்னைய நிக்க வைக்கவா?”

“உங்களுக்குத் தெரியுமா?”

“அன்னிக்குச் சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்தேன். வில்லை மூட்டை கட்டு அவுக்காம வாசல்ல கெடந்துச்சு. பெறகு மேஸ்திரிகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். மேல தண்ணி எறங்காமப் பாத்துக்கிட்டா ஒண்ணும் ஆகாதுன்னாரு. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.” பிறகு கோபம் இல்லாமல் சொன்னார். “அது பரவாயில்ல தம்பி, அன்னிக்கு உனக்கும் விவரம் தெரியாது. ஆனா பெயிண்டு அடிச்சாப் போதும்னு சொன்ன பாரு, அப்ப நீ நல்லாத் தெரிஞ்சுதான் சொல்றேன்னு நம்பிட்டேன்.”

அக்கா என் வாழ்நாளில் என்னைக் கடிந்துகொண்டது அந்த ஒருமுறைதான். செலவு முழுவதையும் நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றேன்.

“காசு இருக்கு. வருசாவருசம் ரெண்டு மாச வாடகையை வீட்டுக்குன்னே ஒதுக்கித்தான் வச்சிருக்கேன். நீ லீவு போட்டுட்டு வா. வேலை முடியுற வரைக்கும் இங்குட்டு இரு.”

அடுத்த சிக்கல் குடியிருப்பவர்களை எங்கே இருக்கச் சொல்வது என்பது. சேகர் தன் குடும்பத்தை மாமனார் ஊருக்கு அனுப்பிவிட்டு நண்பர் அறையில் தங்கிக்கொள்வதாகச் சொன்னார். புவனா டீச்சர் மெல்லக் கேட்டார்.

“அம்மா, உண்மையைச் சொல்லுங்க. முன்னாடி இருந்த வீட்லயும் ரிப்பேருன்னு சொல்லித்தான் காலி பண்ணச் சொன்னாக. அடுத்த மாசமே வாடகையைக் கூட்டி வேற ஆளைக் குடிவச்சுட்டாக. நாங்க இருந்துக்கிறோம்மா. அந்த ரூமைப் பூட்டிப் போட்டுட்டு அடுப்படியில படுத்துக்கிறோம். பரீட்சை முடியட்டும்.”

“மேல ஒரு ராத்திரிகூட இருக்கக் கூடாது” என்றார் அக்கா. உள்ளே போய் வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து வந்து, வேலை முடிந்ததும் இதே வாடகைக்கு இதே ஆட்களுக்கு வீட்டைத் திருப்பித் தருவதாகவும், வேலை நடக்கும் மாதங்களுக்கு வாடகை இல்லை என்றும் எழுதி, கையெழுத்துப் போட்டு, என்னைச் சாட்சியாகப் போடச் சொன்னார். இரண்டு பிரதி. ஒன்றைச் சேகரிடமும் ஒன்றை டீச்சரிடமும் கொடுத்தார்.

“வேற வீடு கெடைக்கணும்லம்மா, நடுவருசத்துல?” என்றார் டீச்சர்.

“எதுக்கு வேற வீடு? கீழ என் ரூமை எடுத்துக்கங்க. நான் ஹால்ல படுத்துக்கிறேன். அடுப்பு ஒண்ணுதான். காலையில அஞ்சரை வரைக்கும் எனக்கு, அதுக்கு மேல உங்களுக்கு.”

அன்று சாயங்காலமே அம்மாவும் மகளும் புத்தக மூட்டைகளோடு கீழே இறங்கினார்கள்.

தெருவில் வீட்டுத் தரகு பார்க்கும் ஒருவர் இந்தச் சமயம் அக்காவைப் பார்க்க வந்தார். “மாடி இப்பக் காலியாத்தான இருக்கு? வேலை முடிஞ்சதும் பிள்ளையார்பட்டிக் கோயிலுக்கு வர்ற வெளியூர்க்காரவுகளுக்கு நாள் வாடகைக்கு விடுங்கம்மா. ஒரு வாரத்துல ஒரு மாச வாடகை வந்துரும்.” அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. ஊரில் பலர் அப்படிச் செய்கிறார்கள். அக்கா யோசித்துத்தான் பதில் சொன்னார். “தினம் ஒரு புது மொகத்துக்குக் கதவு தொறந்து, போர்வை தொவைச்சுப் போட எனக்கு ஒடம்பு இல்ல தம்பி. இவுகளுக்கு எழுதியும் குடுத்துட்டேன்.”

நான் வேலை முடியும் வரை இரண்டு மாதமும் இருந்தேன். கொத்துகிற வேலை எல்லாம் அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போன பிறகுதான் தொடங்க வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. புதிதாகக் கட்டிய கம்பி ஒவ்வொன்றின் அடியிலும் வில்லை இருக்கிறதா என்று நானே சாரத்தில் ஏறி அண்ணாந்து பார்த்தேன். பூச்சு வேலை முடிந்த பிறகு, பொறியாளர் சொன்ன நாள்கள் வரை காலையும் மதியமும் மாலையும் நானே தண்ணீர் தெளித்தேன். அந்த நாள்களில் ஒன்றில் பொறியாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். “அம்மா சொன்னப்பவே தெரிஞ்சுச்சு சார், உங்க மொகத்தைப் பாத்தேன்ல” என்றார் அவர். புவனா டீச்சரிடமும் அவர் மகளிடமும் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது இந்த மலரில்தான் அவர்கள் அதைப் படிக்கிறார்கள். அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

அந்தப் பிள்ளை கீழ்வீட்டில் இருந்தே பரீட்சை எழுதி, நல்ல மதிப்பெண் வாங்கி, இப்போது இங்கேயே கல்லூரியில் பி.காம். படிக்கிறது. அக்கா எழுதிக் கொடுத்தபடியே இரண்டு குடும்பமும் அதே வாடகைக்கு மாடிக்குத் திரும்பின.

அதற்கு அடுத்த ஆண்டு அக்காவுக்குச் சர்க்கரை நோயால் சிறுநீரகம் பழுதடைந்தது. வாரத்துக்கு இரண்டு முறை ரத்தச் சுத்திகரிப்பு. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வசந்தியால் நிரந்தரமாக வந்து இருக்க முடியவில்லை. நானும் சென்னையில் இருந்தேன். சேகர் தன் பேருந்து வேலைக்குப் போகும் முன் ஆட்டோ கொண்டுவந்து அக்காவை மருத்துவமனையில் விடுவார். புவனா டீச்சர் பள்ளி விட்டதும் போய் அழைத்து வருவார். சேகரின் தாயார் உப்பில்லாமல் சமைத்து வைத்திருப்பார். “இதுக்கு நாங்க உப்பே போடாம இருந்துக்கிருவோம், உங்களுக்குத் தனியா எதுக்கு?” என்று தன் வீட்டுக்கும் சேர்த்து அப்படியே சமைத்தாராம்.

இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு அக்கா எல்லாரையும் ஹாலுக்கு வரச் சொன்னார். வசந்தியைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“நான் போனப்பெறகு யாருகிட்ட வாடகை குடுக்குறது, யாருகிட்ட அட்வான்ஸைக் கேக்குறதுன்னு நீங்க முழிக்கக் கூடாது. வீடு இனிமே இவளுக்கு. உயில் எழுதியாச்சு. உங்க அட்வான்ஸ் பேங்குல அப்புடியே கெடக்கு, அதுல இவ பேரும் இருக்கு. புது ஒப்பந்தத்தை இவளோட போட்டுக்கங்க.”

சேகரின் தாயார் சத்தமாக அழுதுவிட்டார். அக்கா அவரைப் பார்த்துச் சொன்னார். “அழுதது போதும். மகனைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க, எனக்கு உக்கார முடியல.”

ஒரு வெள்ளிக்கிழமை காலை, தன் வீட்டிலேயே, வசந்தி கையால் கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பெரிய வேதனை இல்லாமல் போய்ச் சேர்ந்தார்.

கருமாதி முடிந்த அன்று, வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு, வசந்தி என்னிடம் மனம்விட்டுப் பேசினாள். “வித்துட்டா நிம்மதி மாமா. திருப்பூர்ல இருந்துக்கிட்டு நான் எப்புடிப் பாக்க? ஒரு குழாய் ஒடைஞ்சாக்கூட யாரு வந்து நிப்பா?” அவள் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு வாரம் யோசித்தேன். நான் ஓய்வு பெறும் மாதம் நெருங்கியிருந்தது. சென்னையில் நாங்களும் வாடகை வீட்டில்தான் இருந்தோம். கீழ்வீட்டுக்கு நானும் என் மனைவியும் குடிவருகிறோம், வாடகை தருகிறோம், மாடியையும் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். அத்தனை துக்கத்திலும் வசந்திக்குச் சிரிப்பு வந்தது. “அம்மா இருந்தா சொந்தக்காரவுகளுக்கு வீடு குடுத்திருக்க மாட்டாக மாமா” என்றாள். பிறகு பதினோரு மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதி, ஒரு பிரதியை என் கையில் கொடுத்தாள். அதில் இரண்டு கையெழுத்து வாங்கினாள், ஒன்று என்னுடையது, மற்றொன்று என் மனைவியுடையது.

அக்காவின் இறுதி நாள்களில் துணை நின்ற மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அவரோடு பணிபுரிந்த தோழியருக்கும், தேர் கட்டியது முதல் பந்தி பரிமாறியது வரை தங்கள் வீட்டு வேலையாக எடுத்துச் செய்த தெருக்காரர்களுக்கும், கண்டனூரிலிருந்தும் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் வந்து நின்ற உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கூரையைச் செம்மை செய்து கொடுத்த பொறியாளருக்கும் அவருடைய ஆட்களுக்கும் நன்றி.

சேகர் குடும்பத்துக்கும் புவனா டீச்சருக்கும் அவர் மகளுக்கும் நன்றி என்ற சொல் போதாது. பிள்ளைகள் செய்ய வேண்டியதை நீங்கள் செய்தீர்கள். உங்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் மட்டும் இருக்கிறது. இந்த மழைக்காலத்தில் கூரையில் ஒரு கைரேகை அளவுக்கு ஈரம் தெரிந்தாலும், பிறகு சொல்லலாம் என்று இருந்துவிடாமல் என்னைக் கூப்பிடுங்கள். நான் கீழேதான் இருக்கிறேன். உடனே வருகிறேன்.